பாலக்குறிச்சிக் கணக்கு

நாகப்பட்டினம்

அன்புள்ள குழந்தைக்கு,

கிராமத்துக் குடும்பங்களின் வரவையும் கடனையும் ஆராய்ந்து பட்டம் பெற உத்தேசித்திருப்பதாகவும், முதலில் எந்த நூலைப் படிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். நூல்களின் பெயர்களை உன் ஆசிரியர்கள் தாராளமாகச் சொல்லுவார்கள். நான் ஓர் ஊரின் பெயரைச் சொல்லுகிறேன். நம் கீழ்வேளூர் வட்டாரத்தில் உள்ள பாலக்குறிச்சி யாத்திரிகர் கூட்டம் தேடி வரும் ஸ்தலமன்று. ஆயினும், பொருளாதாரம் பயின்றவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக, இடைவெளி விட்டு விட்டு, குறிப்புப் புத்தகத்துடன் அவ்வூருக்கு வந்து, எத்தனை குடும்பம், எவ்வளவு நிலம், என்ன கண்டுமுதல், எவ்வளவு கடன் என்று விசாரித்துச் சென்றிருக்கிறார்கள். அந்த பாக்கியம் இந்தத் தேசத்தில் மிகச் சில ஊர்களுக்கே வாய்த்தது.

இதைத் தொடங்கி வைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்து, இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட காலத்தில் அந்நாட்டுக் குடியானவர் பட்ட பாட்டைப் பற்றி நூலும் இயற்றிய அவர், 1915-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மாணவர்களிடம் நீண்டதொரு கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமத்தை நேரில் ஆராய்ந்து வரச் சொன்னார். அவர்கள் கொண்டுவந்த விவரங்களே 1918-இல் புத்தகமாயின: ராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, நம் தஞ்சையின் பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அதில் இடம் பெற்றன. பாட புத்தகத்தில் வரும் இங்கிலாந்துக் குடியானவனை விட்டுச் சேற்றில் நிற்கும் தன் ஊர்க் குடியானவனைப் பார்க்கும்படி மாணவனை அனுப்பியது, எளிய காரியமாகத் தோன்றினாலும், அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்நாளில் சென்னைக்குச் சென்று பி.ஏ. வகுப்பில் அமரக் கூடிய தஞ்சாவூர்ப் பிள்ளை எந்தத் தெருவைச் சேர்ந்தவனாக இருந்திருப்பான்? மிராசுதாரரின் திண்ணையிலிருந்து பார்க்கும்போது நிலமும் தீர்வையும் விளைச்சலும் துலக்கமாகத் தெரியும். சேரியின் அடுப்பு அவ்வளவு துலக்கமாகத் தெரியாது. பண்ணையாளின் கூலியையும் கடனையும் பற்றிப் பண்ணையாளிடமே கேட்டார்களா, பண்ணையாரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்களா என்ற சந்தேகம், பழைய கிராம ஆராய்ச்சி எதைப் படிக்கும்போதும் உனக்கு எழ வேண்டும். சந்தேகம் எழுந்ததனால் அந்த ஆராய்ச்சியைத் தள்ளிவிடவும் கூடாது. எந்த எண் யார் வாயிலிருந்து வந்திருக்கக் கூடும் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு படி.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அதே சர்வகலாசாலையின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் பழைய ஊர்களை மீண்டும் ஆராய்வித்து 1940-இல் வெளியிட்டார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: இரண்டின் எண்களையும் அப்படியே ஒப்பிட்டுவிடாதே. முதல் விசாரணை ஐரோப்பிய யுத்த காலத்தில் நடந்தது. இரண்டாவது, 1930-க்குப் பின் நெல் விலை சரிந்து குடியானவனின் கடன் கழுத்தை நெரித்த காலத்தை அடுத்து நடந்தது. நெல்லாகக் கணக்கிட்டால் கடன் வளர்ந்ததாகவும், ரூபாயாகக் கணக்கிட்டால் அவ்வளவு வளராததாகவும் தோன்றக் கூடிய விசித்திரமான காலம் அது. 1938-இல் ராஜாஜியின் மந்திரிசபை குடியானவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்ற நேர்ந்ததன் காரணத்தை அந்தச் சரிவிலே தேட வேண்டும்.

பிறகு எண்பதுகளில், மால்கம் ஆதிசேசையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, முன்பு மாநில நிதிச் செயலாளராக இருந்த எஸ். குகன் பாலக்குறிச்சிக்கு வந்தார். அரசாங்கத்தின் கஜானாவையே நிர்வகித்த ஒருவர் ஒரு சிற்றூரின் கூலிக் கணக்கைக் குனிந்து பார்த்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2004-இல் மற்றோர் ஆய்வு நடந்தது. 2019-இல் வேளாண் ஆய்வுகளுக்கான ஸ்தாபனம் ஒன்று பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே ஆராய்ந்தது. வெண்மணி என்றால் உனக்கு விளக்க வேண்டியதில்லை: 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்களின் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்த ஊர். கூலி என்பது சந்தையில் தானாக நிர்ணயமாகும் ஒரு விலை என்று எழுதும் எவரையும் ஒரு முறை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்பாய். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சை ஜில்லா தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆடுதுறை 27 நெல்லும் ரசாயன உரமும் குறுவை வயலில் புகுந்தன. 1969-இல் பதினான்கு வங்கிகள் தேசிய உடைமையாயின. 1970-இல் நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைந்தது. இவற்றில் எது எவன் வாழ்க்கையை மாற்றியது என்பதை ஒரே தடவை போய் வந்தவனால் சொல்ல முடியாது. காத்லீன் கஃப் என்னும் மானிடவியலார் ஐம்பதுகளின் தொடக்கத்தில் தஞ்சை ஜில்லாவின் இரண்டு ஊர்களில், அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ளது, தங்கி எழுதியதோடு நில்லாமல் 1976-இல் திரும்பி வந்ததும் இந்தக் காரணம் பற்றியே மதிக்கத் தக்கது.

இனி உன் கடன் விஷயத்துக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி 1951–52-இல் 75 ஜில்லாக்களில் 600 கிராமங்களை ஆராய்ந்தபோது, குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு மூன்றை ஒட்டியே இருந்தது; பெரும்பகுதி வட்டிக்குக் கொடுப்பவர்களுடையது. அந்த ஓர் எண் பிற்காலத்துக் கூட்டுறவுக் கொள்கைக்கே திசை காட்டியது. நம் காலத்தில் வேறொரு மார்க்கம் பிரசித்தமாகியிருக்கிறது: அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் மற்றவர்களும் ஹைதராபாத்தின் 104 பேட்டைகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே மட்டும் குறுங்கடன் நிறுவனத்தை முதலில் திறக்கச் செய்து, இரு பாதிகளையும் ஒப்பிட்டார்கள். கடன் வந்ததால் சில தொழில்கள் சற்றுப் பெருகின. குடும்பங்களின் கல்வி, ஆரோக்கியம் முதலியவற்றில் சொல்லத் தக்க மாறுதல் இல்லை என்று கண்டார்கள். நேர்மையான முறை, குறுங்கடனைப் பற்றிய அதிக ஆர்ப்பாட்டத்தை அது அடக்கியது. ஆனால் சில ஆண்டுகள் மட்டும் அளந்து சொல்லும் முறை, நிலம் கை மாறுவதையும் பண்ணையாளின் பேரன் சொந்தமாக ஒரு மா நிலம் வாங்குவதையும் காணக் காத்திருப்பதில்லை. நான் கிழவன், என் சாய்வு பாலக்குறிச்சியின் பக்கம்.

ஊருக்குள் சென்றதும் "கடன் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடாதே. இல்லை என்றே பதில் வரும். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை, உரக்கடைப் பாக்கி, பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று, எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, மகளிர் குழுவின் வாரத் தவணை என்று ஒவ்வொன்றாகக் கேள். ஆண்களிடம் கேட்டதை, அவர்கள் இல்லாத வேளையில், பெண்களிடமும் கேள். இரண்டும் ஒத்துப்போனால் ஆச்சரியப்படு. 2021 பிப்ரவரியில் அரசாங்கம் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அதிலிருந்து, கணக்கெடுக்க வருபவரைக் கண்டால் தள்ளுபடி வரப் போகிறதோ என்று நினைத்து, வெளியில் சொல்லத் தயங்கும் கடனைக் கூடச் சற்றுப் பெருக்கிச் சொல்பவர்களும் இருக்கக் கூடும். அளவைகளில் ஜாக்கிரதை: இருபது மா ஒரு வேலி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு மா ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர். இதைச் சரியாக மாற்றாமல் எழுதிய விளைச்சல் எண்ணை எந்தக் கணினியாலும் திருத்த முடியாது.

கேட்டு எழுதுபவனுக்குத் திரும்பி வந்து சொல்லும் கடமையும் உண்டு. 2004 டிசம்பரில் கடல் பொங்கிய பிறகு நம் கடலோர ஊர்களான அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் வந்த கேள்வித்தாள்களுக்குக் கணக்கில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் மாத வருமானம் என்ன என்று கேட்டு எழுதிச் சென்றவர்களில் எத்தனை பேர் தாங்கள் கண்டதைத் திரும்பி வந்து அவளுக்குச் சொன்னார்கள்? நீ எழுதுவதைத் தமிழில் ஒரு பிரதி எடுத்து, விசாரித்த ஊரில் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை.

சம்பா அறுவடை முடிந்து நெல் காசாகும் தை, மாசியில் ஒரு முறை வா. அப்போது எல்லாரும் கடனை அடைத்துக்கொண்டிருப்பார்கள். மழை பிடித்து வேலை ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி வந்து, அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேள். இரண்டு முறையும் தங்குவதற்கு மாடி அறை காலியாகவே இருக்கும். கொசுவலையை மட்டும் உன் அத்தை மறக்காமல் கொண்டு வரச் சொல்லுகிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா