குறிப்பேடும் பணிப்பட்டியலும்

ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்யும் மாணவன் ஒவ்வொருவனிடமும் இன்று இரண்டு ஏடுகளாவது இருக்கின்றன. ஒன்று, சோதனையின் போக்கை எழுதி வைக்கும் குறிப்பேடு. இது பெரும்பாலும் கணினியில் இருக்கிறது. மற்றொன்று, செய்ய வேண்டியவற்றை நாள்வாரியாகக் காட்டும் பணிப்பட்டியல். இது கைப்பேசியில், சட்டைப் பைக்குள் இருக்கிறது. “வெள்ளிக்கிழமை திரவ நைட்ரசன் நிரப்புக” என்று குறிப்பேட்டின் நடுவே எழுதினால் அவ்வரி அங்கேயே உறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை மணியடித்து எழுப்ப வேண்டியது கைப்பேசியல்லவா? குடுவை வற்றிவிட்டால் அதனுள் உறைய வைத்துக் காத்த உயிரணுக்கள் மாண்டுபோகும். ஓராண்டு உழைப்பு அதனோடு போய்விடும். ஆகவேதான், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தானாகவே ஏற வேண்டும் என்று விரும்புகிறோம். இதனை ஒத்திசைவு என்பர்.

இது மிக எளிய வேலை என்றே எவருக்கும் முதலில் தோன்றும். அப்படியன்று என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். குறிப்பேட்டில் “அசிட்டோன் வாங்குக” என்னும் வரி இருக்கிறது. பட்டியலில் அது இல்லை. இரண்டையும் இணைக்கும் நிரல் இப்பொழுது என்ன செய்ய வேண்டும்? அவ்வரி குறிப்பேட்டில் புதிதாக எழுதப்பட்டதாயின், பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலிலிருந்து நாம் அழித்ததாயின், குறிப்பேட்டிலிருந்தும் நீக்க வேண்டும். இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆயினும் இரு ஏடுகளையும் எத்தனை முறை ஒப்பிட்டுப் பார்த்தாலும் எது உண்மை என்று கண்டறிய இயலாது.

வழி ஒன்று உண்டு. சென்ற முறை இரண்டும் ஒத்திருந்தபோது நிலைமை எவ்வாறு இருந்தது என்பதற்கு மூன்றாவது படி ஒன்றை நிரல் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய படியில் அசிட்டோன் இருந்தால், பட்டியலிலிருந்து அது அழிக்கப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால், புதிதாகப் பிறந்திருக்கிறது. இம்மூன்றாம் படி இல்லாத இணைப்புக் கருவிகளை நம்பக் கூடாது என்பது என் துணிபு. அழித்த பணிகள் மறுநாள் உயிர் பெற்று வருவது பெரும்பாலும் இக்குறையினாலேயே. பல கருவிகள் அழித்ததை அடியோடு நீக்காமல், அவ்விடத்தில் ஓர் அடையாளத்தை விட்டு வைக்கும். இதனைக் கணினியியலார் கல்லறைக் கல் என்று அழைக்கின்றனர். நாம் நடுகல் என்று சொல்லலாம், பொருத்தமாகவே இருக்கிறது!

அடுத்த சிக்கல் அடையாளம் பற்றியது. பட்டியலில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. குறிப்பேட்டு வரிக்கு அஃது இல்லை. அது வெறும் எழுத்து. “அசிட்டோன் வாங்குக” என்பதை “அசிட்டோன் 2 லிட்டர் வாங்குக” என்று திருத்தினால், பழைய பணி இறந்து புதியது தோன்றியதாக நிரல் எண்ணிக்கொள்ளும். ஆகவே வரியின் கடைசியில் மறையாத குறியெண் ஒன்றை ஒட்டி வைப்பதே முறை. பார்வைக்கு அழகில்லை என்று சிலர் இதனை நீக்கிவிடுகின்றனர். அழகு பார்க்க இது இடமன்று.

தமிழில் குறிப்பெழுதும் நமக்கு இதில் தனியான தொல்லை ஒன்றும் உண்டு. யூனிக்கோடு முறையில் “கொ” என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிக்கோடு விதியும் இவற்றைச் சமமென்றே கொள்கிறது. ஆனால் எழுத்துக்களை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு இவை இருவேறு சொற்கள். கணினியில் எழுதிய “கொடு”வும் கைப்பேசியில் எழுதிய “கொடு”வும் இரண்டு பணிகளாக நிற்கக்கூடும். ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இத்தொல்லை தீரும்.

இனி, இரண்டு பக்கமும் ஒரே பணி மாறிவிட்டால்? நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் பொதுப்பட்டியல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். “கரும்புக்குச் சொல்லுக” என்பதை ஒருவர் முடித்து டிக் செய்கிறார். அதே வேளையில் இன்னொருவர் அதன் தேதியை மாற்றுகிறார். கடைசியாக எழுதியவர் வென்றார் என்று முழுப் பணியையும் மாற்றி எழுதும் நிரல், டிக்கை அழித்துவிடும். கரும்பு இருமுறை வந்து இறங்கும். தேதி வேறு, முடிந்த நிலை வேறு என்று கூறுகூறாகச் சேர்த்தால் இரண்டும் பிழைக்கும். மேலும், கடைசியாக எழுதியவர் யார் என்பதை எந்தக் கடிகாரம் சொல்வது? இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையை உண்மைக் கடிகாரங்களின்றியே வகுக்கும் முறையை லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். பௌதிகம் பயிலும் நண்பர்கள் அதனைப் படித்தால் சார்பியலின் சாயலைக் காண்பார்கள்.

தேதியைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 15-ஆம் தேதி என்பதை இந்திய நேரப்படி நள்ளிரவு என்று ஒரு கருவி எழுதினால், உலகப் பொது நேரத்தில் அது 14-ஆம் தேதி மாலை 6.30 மணி. தேதியை மட்டும் கிள்ளி எடுக்கும் மற்றொரு கருவி 14 என்று திருப்பி அனுப்பும். அடுத்த சுற்றில் அது 13 ஆகும். இவ்வாறு பணி நாளுக்கு நாள் பின்வாங்கிச் செல்வதைக் காணலாம். நாட்காட்டிச் செய்திகளுக்கென 1998-இல் வகுக்கப்பட்ட ஐகேலண்டர் என்னும் பொது வடிவம் இதை உணர்ந்தே, வெறும் தேதி, நேரத்தோடு கூடிய தேதி என்று இரண்டு வகைகளை வைத்திருக்கிறது. பணிகளுக்கும் அதில் தனியிடம் உண்டு. ஆனால் எல்லாச் செயலிகளும் அதனைப் பின்பற்றுவதில்லை.

இத்தனை இடையூறும் படியெடுப்பதனால் வருபவை. படியே எடுக்காவிட்டால்? 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலார் தம் வேலைகளுக்காகவே ஆர்க் மோட் என்பதை உருவாக்கினார். அதில் குறிப்பும் பணியும் ஒரே எழுத்துக் கோப்பில் இருக்கும். பட்டியல் என்பது அக்கோப்புகளிலிருந்து அவ்வப்போது திரட்டிக் காட்டும் தோற்றம் மட்டுமே. அப்சிடியன் செயலியில் சேர்க்கும் பணித்துணைக் கருவியும் இவ்வாறே திரட்டுகிறது. ஒன்றே இருப்பதனால் ஒத்திசைவே வேண்டாம். எனக்கு இம்முறை மிகவும் பிடிக்கும். குறை ஒன்றே: கைப்பேசி மணியடிக்க வேண்டுமானால் மீண்டும் படி எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகையால் நான் நண்பர்களுக்குச் சொல்வது நடுவழி. பணியின் வாசகமும் தேதியும் குறிப்பேட்டிலேயே மாறட்டும். முடிந்தது என்னும் செய்தி மட்டும் பட்டியலிலிருந்து திரும்பி வரட்டும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரே உரிமையாளர் இருந்தால் சண்டைக்கு இடமேது? வாரந்தோறும் திரும்பும் பணிகளை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஒரு செயலி முடித்ததை வைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குப் புதிய பணியைப் படைக்கும். மற்றொன்று அதே பணியின் தேதியைத் தள்ளிப் போடும். இவை இரண்டும் இணைந்தால் பணி பெருகும், அல்லது மறையும். நைட்ரசன் நிரப்புவது அத்தகைய பணி; அதனைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது நலம்.

குறிப்பேட்டைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வுண்டர்லிஸ்ட் என்னும் புகழ்பெற்ற பணிப்பட்டியல் 2020 மே மாதம் மூடப்பட்டது. அதனோடு கட்டியிருந்த இணைப்புகளும் அன்றே பயனற்றுப் போயின. பணிகளின் மூலத்தைத் தம் கணினியிலேயே வைத்திருந்தவர்கள் வேறொரு பட்டியலை எடுத்து இணைத்துக்கொள்ள முடிந்தது.