பேரப்பிள்ளையின் சிகிச்சையில் நீங்கள் கேட்கும் சொற்கள்

ஆட்டிசம் உள்ள உங்கள் பேரப்பிள்ளை சிகிச்சையாளருடன் இருப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரங்களில் உங்களுடன் வீட்டில் இருக்கலாம். அங்கே கற்றதை வீட்டிலும் பழகினால்தான் அது நிலைக்கும். சிகிச்சையாளர் பயன்படுத்தும் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு
தொலைக்காட்சியை அணைக்கிறீர்கள், இது முன்நிகழ்வு. பிள்ளை கத்துகிறது; இது நடத்தை. மீண்டும் போட்டுவிடுகிறீர்கள்; இது பின்விளைவு. கத்தினால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இது வளர்ப்பின் குறை அல்ல. அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லி, கடிகாரத்தைக் காட்டுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

வலுவூட்டல்
நல்ல செயலுக்குப் பின் பிள்ளைக்குப் பிடித்தது கிடைத்தால், அச்செயல் மீண்டும் நடக்கும். "தண்ணீர் கேட்டாயே, கெட்டிக்காரப் பிள்ளை!" என்று உடனே பாராட்டி, தண்ணீரைக் கொடுங்கள். அழுகையை நிறுத்த பிஸ்கட் கொடுப்பதோ அழுகைக்கே வலுவூட்டலாகிவிடும்.

தூண்டுதவி
குவளையைச் சுட்டிக்காட்டுவது, "த..." என்று சொல்லைத் தொடங்கிக் கொடுப்பது போன்றவை தூண்டுதவிகள். பிள்ளை பழகப் பழக இவற்றைக் குறைக்க வேண்டும். பாசத்தால் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள்.

பட அட்டைப் பரிமாற்றம்
பிள்ளை தனக்கு வேண்டிய பொருளின் படத்தை உங்களிடம் கொடுத்துக் கேட்கும் முறை இது. 1985ல் அமெரிக்காவில் உருவானது. இதனால் பேச்சு வராமல் போய்விடும் என அஞ்ச வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இதன் பிறகு பேச்சு கூடியிருக்கிறது.

எதிரொலிப் பேச்சு
"பால் வேண்டுமா?" என்று கேட்டால், பிள்ளையும் "பால் வேண்டுமா?" என்று திருப்பிச் சொல்லலாம். அது கேலி அல்ல. "ஆம்" என்பதாகவும் இருக்கலாம். "பால் வேண்டும்" என்று பிள்ளை சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்.

தமிழில் பேசலாமா?
தாராளமாகப் பேசுங்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி பாதிக்கப்படுவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?
பிள்ளை திடீரெனக் காதில் அடித்துக்கொண்டாலோ தலையை மோதிக்கொண்டாலோ, காதுவலி, பல்வலி போன்றவை காரணமாக இருக்கலாம். சொல்லத் தெரியாமல் அப்படிச் செய்யக்கூடும். தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். புரியாததைத் தயங்காமல் கேளுங்கள்.