குப்பத்து வேகப்பந்து வீச்சாளரை எடைபோடுவது எப்படி?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் குப்பங்களில் ஒரு பையன் வேகமாகப் பந்து வீசினால் அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவிவிடும். அடுத்த டோர்னமென்டில் நாலு விக்கெட் எடுத்துவிட்டால், "இவனை மெட்ராஸுக்கு அனுப்பலாம்" என்று பேச்சு எழும். சென்னையில் ஒரு கிளப்பின் வலைப்பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு பந்து வீசுவான். சரியாக விழவில்லை என்றால் அத்தோடு அவன் கதை முடிந்தது. இது அந்தப் பையனுக்கும் அநியாயம், கிளப்புக்கும் நஷ்டம். ஒரு நாள் வேகமும் ஒரு டோர்னமென்ட் கணக்கும் பதினாறு வயது வீச்சாளரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். களைத்த பிறகும் அதே பந்தை அதே இடத்தில் போட முடிகிறதா, மூன்று மாதத்தில் என்ன கற்றுக்கொண்டான் என்ற இரண்டும்தான் நம்பத்தக்க சான்று. ஊர் கிளப் பொறுப்பாளரோ பி.டி. மாஸ்டரோ பெரிய செலவில்லாமல் இந்தச் சான்றைச் சேகரிக்க முடியும்.

"வேகம் பிறவியிலேயே வரவேண்டும், மற்றதைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்" என்பார்கள். பாதி உண்மை. இந்தச் சிந்தனையை அதன் எல்லைவரை சோதித்த ஒரு நிகழ்வு இந்தியாவிலேயே உண்டு. 2008-ல் அமெரிக்க பேஸ்பாலுக்குப் பந்தெறிபவர்களைத் தேடி இங்கே ஒரு போட்டி நடத்தினார்கள். ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார். அவரையும் தினேஷ் படேலையும் அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. கைவலு இருந்தது, ஆட்டம் அப்போதுதான் அறிமுகம். படேல் 2010-ல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் கீழ்நிலை லீக்குகளில் 2012 வரை ஆடினார்; பிறகு காயம் குறுக்கிட்டது. இருவருமே மேல்மட்டத்தை எட்டவில்லை. வேகம் கதவைத் திறந்தது, உள்ளே நிற்கவைக்க அது போதவில்லை. அதே பேஸ்பாலில், தொடக்கப் பந்தெறிபவனாக வளர்க்கப்படும் இளைஞனைக் கீழ்நிலை அணிகளில் வருடக்கணக்காகப் பார்க்கிறார்கள். ஒரே மட்டையாளனை இரண்டாவது, மூன்றாவது முறை சந்திக்கும்போது என்ன செய்கிறான் என்பது அங்கே பெரிய கேள்வி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

முதல் படி, டென்னிஸ் பந்துக் கணக்கை ஒதுக்கி வைப்பது. எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கிற ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே பிடிபட்ட கேட்ச்சுகள் வீச்சாளனின் திறமைக்கு அளவுகோல் ஆகாது. டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு. தைத்த பந்து 156 முதல் 163 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தோளும் விரலும் வேறு வேலை செய்ய வேண்டியிருக்கும். மணலில் பந்து எழும்பாது என்பதால் குப்பத்துப் பையன் காலடியில் போட்டுப் பழகியிருப்பான். அந்த யார்க்கர் நல்ல மூலதனம்தான். இலங்கையின் காலி நகருக்கு அருகே ரத்கமவின் கடலோரத்தில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்த லசித் மலிங்காவும், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் அதை வைத்தே உலகம் அறிய வந்தார்கள். ஆனால் லென்த்தில் போட்டுத் தையலை நிமிர்த்தி இறக்குவது தனி வித்தை. ஆகவே ஒரு தைத்த பந்தை அவனிடம் கொடுத்து, ஆறு வாரம் பழகவிட்டு, அதன்பிறகு கணக்கெடுக்கத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் தடுமாறினால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது படிக்கு ஒரு நோட்டும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடியும் போதும். இறுகிய தரையில் கயிற்றுப்பாய் விரித்து, மட்டையாளனின் ஸ்டம்பிலிருந்து 6 மீட்டரிலும் 8 மீட்டரிலும் பாயோரத்தில் இரண்டு கோடு போடுங்கள். ஒவ்வொரு பந்தும் கோடுகளுக்கு உள்ளேயா, முன்னாலா, பின்னாலா என்று மட்டும் குறியுங்கள். விக்கெட்டும் ரன்னும் எழுத வேண்டாம். ஓவர் முடிந்ததும் வீசும் கிரீஸுக்குப் போய் மண்ணைப் பாருங்கள். முன்கால் இறங்கிய ஆறு தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, குதிகால் பட்ட இடம் ஒரே குழியாக இருந்தால் ஓட்டமும் ஆக்‌ஷனும் அவன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தடங்கள் அரை அடி, முக்கால் அடி சிதறியிருந்தால் லென்த் சிதறியதற்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஸ்பீடு கன் சொல்லாத இந்தத் தகவலை மண் தரை இலவசமாகத் தருகிறது. செல்போனில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். முழங்கை நீட்சி 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.சி.சி. விதி. கண்ணால் அதை அளக்க முடியாது. சந்தேகம் வந்தால் பயிற்சியாளரிடம் காட்டலாம்.

மூன்றாவது படியே என் கணிப்பில் முக்கியம். முதல் ஸ்பெல்லில் நான்கு ஓவர் வீசட்டும். ஒரு மணி நேரம் ஃபீல்டிங் செய்யட்டும். பிறகு, ஏற்கெனவே அவனை ஆடிப் பழகிய அதே மட்டையாளனுக்கு எதிராக மூன்று ஓவர் கொடுங்கள். இரண்டு ஸ்பெல்லின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேகம் சற்றுக் குறைவது இயல்பு. கோடுகளுக்குள் விழுவது பாதியாகக் குறைந்தால் உடல் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அடிவாங்கிய பந்துக்கு அடுத்த பந்து என்ன என்றும் கவனியுங்கள்: யோசித்து மாற்றினானா, கோபத்தில் இன்னும் வேகமாக எறிந்தானா? இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பாடு’ என்ற மீன்பிடி முறையில் ஏரியின் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று ஊர் முறைவைத்துப் பிரித்திருக்கிறது. வீட்டுப் பாட்டுக்குத் துணையாக இரவெல்லாம் தண்ணீரில் நின்றவனைக் காலையில் பந்து வீசவைத்து எடைபோடுவது தவறு. தேதி குறிக்குமுன் அவன் வீட்டில் கேளுங்கள்.

உடலைப் பார்ப்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிறந்த தேதியைச் சான்றிதழிலிருந்து எழுதுங்கள். சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையன் தன் வயதினரிடையே வேகமாகத் தெரிவான், இரண்டு வருடத்தில் மற்றவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். வலதுகை வீச்சாளனுக்கு இடப்பக்கக் கீழ்முதுகில் வலி என்றால் முதுகெலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருக்கலாம். தைலம் தேய்த்து மறுநாள் ஆடவைக்காதீர்கள். ஆரம்பக்கட்டம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு இங்கிலாந்து வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பே ஸ்பெல்லுக்கு 7 ஓவர், நாளுக்கு 18 ஓவர்தான். ஞாயிறன்று மூன்று ஊருக்கு ஆடும் பையன் வீசுவதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் நேரம் ஏது என்று கேட்கலாம். நடராஜனை எண்ணிப் பாருங்கள். சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் நுழைந்து, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடியவுடன் ஆக்‌ஷன் மீது புகார் எழுந்து, அதைத் திருத்தி மீண்டு, 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். அப்போது அவருக்கு வயது 29. புகார் எழுந்த அன்றே கைவிட்டிருந்தால் அவரை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

எனவே லீக் கிளப் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்தால் அவன் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். பழவேற்காட்டிலிருந்து போய்வரப் பஸ் காசு கொடுத்து, மூன்று மாத இடைவெளியில் இரண்டாவது முறையும் அழையுங்கள். அதன்பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது நியாயமான தீர்ப்பு.