டி'சில்வா சாலையும் உன் நிரலும்

மந்தைவெளி

அன்புள்ள கயல்,

தி.நகர் புடவைக் கடை ஒன்றுக்கு டோர் டெலிவரி வாடிக்கையாளர் பட்டியலுக்கான நிரலைப் பைத்தானில் எழுதுவதாகச் சொன்னாய். நிரலைத் தரவுத்தளத்தோடு இணைப்பது எப்படி என்றும் கேட்டிருந்தாய்.

தரவுத்தளம் தனியாக ஓடும் இன்னொரு நிரல். போஸ்ட்கிரஸ் என்றால் வழக்கமாக 5432 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அதனோடு பேச உன் நிரலுக்கு ஒரு டிரைவர் வேண்டும். சர்வர் முகவரி, போர்ட், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஐந்தையும் கொடுத்தால் இணைப்பு கிடைத்துவிடும். கடவுச்சொல்லை மட்டும் நிரலுக்குள் எழுதி வைக்காதே; நிரலைப் பார்ப்பவர் எல்லாரும் அதையும் பார்ப்பார்கள்.

இணைப்பு கிடைப்பது எளிது. அதன் வழியாக எதை அனுப்புகிறாய் என்பதில்தான் கவனம் வேண்டும். உதாரணமாக, மயிலாப்பூரில் டி'சில்வா சாலை இருக்கிறது. எங்கள் பக்கம் செயின்ட் மேரீஸ் சாலை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டிலும் ஒற்றை மேற்கோள் குறி வரும். தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்.க்யூ.எல். கட்டளையில் ஓர் உரை மதிப்பு தொடங்குவதும் முடிவதும் அதே குறியால்தான். முகவரியைக் கட்டளைக்குள் அப்படியே ஒட்டினால், 'டி'யோடு முகவரி முடிந்ததாகத் தரவுத்தளம் கொள்ளும். மிச்சத்தைக் கட்டளையாகப் படித்துத் திணறும். அடையாறு முகவரிகளுக்கெல்லாம் ஓடிய நிரல் இங்கே நின்றுபோகும். கெட்ட எண்ணம் உள்ளவர் முகவரிக் கட்டத்தில் கட்டளையையே எழுதினால், பட்டியலை எடுக்கலாம், அழிக்கலாம். இதுதான் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்.

மேற்கோள் குறியை நீக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், தெருவின் பெயரைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. கட்டளையில் முகவரி வரவேண்டிய இடத்தில் ஓர் இடக்குறியை மட்டும் வை. முகவரியைத் தனியாகக் கொடு. பைத்தானில் எந்த டிரைவரிலும் இதற்கு வழி இருக்கிறது. அப்போது முகவரியில் என்ன எழுதியிருந்தாலும் அது முகவரிதான்; ஒருபோதும் கட்டளை ஆகாது. உன் சோதனைப் பட்டியலில் இந்த இரண்டு சாலைகளும் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் கமிட் கொடு. இல்லாவிட்டால் எழுதியது நிலைக்காது. இணைப்பை மூடு. போஸ்ட்கிரஸ் இயல்பாக அனுமதிப்பது 100 இணைப்புகள். மூடாமல் விட்டால் தீபாவளிக் கூட்டத்தில் புதிய இணைப்பு கிடைக்காது.

புடவை வீடு வந்து சேரட்டும் என்றுதான் ஒருவர் தன் முகவரியைச் சொல்கிறார். அது அவர் சொன்னபடியே பதிவாக வேண்டும்; பிறர் கைக்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் நீதான் பொறுப்பு, கண்ணு.

அன்புடன்,
உன் அத்தை