உப்புக்காற்றில் ஓடும் சின்னக் கார்: வாங்குமுன் கவனிக்க

ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கடன் எடுத்துக் கட்டி முடித்தார்கள். வாயை மூடும் மணலை அள்ளும் செலவுதான் பின்னால் பெரும் பாடாகியது. சின்னக் கார் வாங்கும்போதும் விலையைப் பேசும் அளவுக்கு ஓட்டும் செலவை நாம் பேசுவதில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை கடலோரத்தில் இருக்கும் நாம் பெற்றோலோடு துருவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

1. முதலில் காரின் அடியைப் பாருங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் காரை உயர்த்தச் சொல்லி, கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரம், சில்லு வளைவுகள், பிரேக் குழாய், சைலன்சர் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சுரண்டினால் போகும் மேல்துரு பரவாயில்லை. விரலால் அழுத்தத் தகரம் உள்ளே அமிழ்ந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் கார் வேண்டாம். எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம். உக்கிப்போன உடம்பை ஒட்டி ஒட்டி மாளாது.

2. டிக்கி விரிப்பைத் தூக்கி, மேலதிக ரயர் வைக்கும் குழியைப் பாருங்கள். மீன் பெட்டி ஏற்றிய கார் என்றால் உப்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கியிருக்கும். உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

3. சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவுகளில் வைத்துப் பாருங்கள். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் பிடிக்காது.

4. மாரியில் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்வது நமக்குத் தெரிந்ததே. சீற் பெல்ட்டை முடியும்வரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அது வெள்ளம் குடித்த கார்.

5. எரிபொருள் கணக்கை விற்பவர் வாயால் கேட்க வேண்டாம். அதே மாதிரிக் கார் வைத்திருக்கும் உறவினரிடம் சொல்லி, பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி மீற்றரைக் குறியுங்கள். இருநூறு கிலோமீற்றர் ஓடியபின் அதே ஷெட்டில் மறுபடி நிரப்புங்கள். 210 கிலோமீற்றருக்கு 14 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 15. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 20 ரூபா. லீற்றருக்கு 12 ஓடும் காருக்கு 25 ரூபா. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுபவருக்கு வித்தியாசம் 5,000 ரூபா. 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது, முதற்காருக்கு 300 கிலோமீற்றர், இரண்டாவதற்கு 240தான். நமது சமதரை வீதியில் கிடைக்கும் கணக்கைக் கண்டி ஏற்றத்தில் எதிர்பார்க்க முடியாது.

6. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வயதான கார்கள். பழைய அல்டோ 800இன் 796 சி.சி. எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பற்றுச்சீட்டோடு கேளுங்கள். அல்டோ கே10இல் செயின். ஜப்பான் வேகன் ஆர் பெற்றோலைச் சேமிக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஹைபிரிட் வகையில் சாதாரண பற்றரியோடு லித்தியம் பற்றரியும் இருக்கிறது. அதன் விலையை முன்கூட்டியே விசாரியுங்கள். என் தேர்வு, கல்முனையிலேயே உதிரிப்பாகம் கிடைக்கும் கார். ஒரு பாகத்துக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்ப நேர்ந்தால் மலிவு மலிவாக இராது.

7. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய ரயரை விலையில் கழியுங்கள்.

8. 92 ஒக்டேன் போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு 95 அடிப்பது வீண் செலவு.

9. வாங்கியபின் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் அடைபட்டால் ஈர்க்கினால் குத்தி விடுங்கள்.

10. பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இஜாரா முறையில் எடுத்த காருக்கும் இது பொருந்தும். புகைப் பரிசோதனைச் சான்றும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பு ஆண்டுக்குரியவையாக இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறி வந்த காருக்கு, பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.