எருமை எங்கே வந்தது?



கோத்தகிரித் தேயிலைச் சரிவில் விடியற்காலைப் பனிமூட்டத்தினிடையே ஒற்றைக் காளையொன்றை எதிர்கொண்ட அனுபவத்தை நீர் எழுதியிருந்த மாசிகை போன வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கோபம் அதிகமாயிற்று. மலைப்பாதையில் எப்படி நடப்பது, எதிரே மிருகம் வந்தால் ஏன் ஓடலாகாது என்பன போன்ற பாலபாடங்களை, பதினோரு வருஷமாக அங்கே குடியிருக்கும் உமக்கு நான் ஓதப் போவதில்லை. என் வழக்கு முக்கியமாக ஒரு சொல்லைப் பற்றியது. நாலு பக்கக் கட்டுரையில் 19 இடத்தில் 'காட்டெருமை' என்று எழுதியிருக்கிறீர்; பென்சிலால் கோடிட்டு எண்ணியிருக்கிறேன்.

எருமை எங்கே வந்தது, ஐயா? காட்டெருமை என்கிற ஜந்து பிரம்மபுத்திராக் கரையிலே காசிரங்காவின் சதுப்புகளில் இருக்கிறது. சத்தீஸ்கர் வனங்களில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. நம் மலைகளில் அது கிடையவே கிடையாது. நீர் கண்டது பசுவின் ஜாதி, காட்டுமாடு. கழுத்திலிருந்து முதுகின் பாதி வரை ஓடுகிற அந்த மேட்டையும், கொம்புகளுக்கிடையே சாம்பல் பூசினாற்போன்ற நெற்றியையும் எந்த எருமையிடம் பார்த்தீர்? சங்கப் புலவர்கள் இதை 'ஆமா' என்றார்கள். 'ஆ' என்றால் பசு என்று நான் உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எருமைதான் பார்க்க வேண்டுமென்றால், பஸ் ஏறி உதகைக்குப் போய், தோடர் மந்து ஏதாவதொன்றின் பக்கத்தில் புல்வெளியில் உட்கார்ந்து, பால்மனையையே கோயிலாக வைத்துக் கும்பிடுகிற அந்த ஜனங்களின் எருமைகளை ஒரு பகல் முழுதும் பார்த்துவிட்டு வாரும். பிறகு உம் பேனா அந்தச் சொல்லை எழுதக் கூசும். ஊரார் அப்படித்தானே சொல்கிறார்கள் என்பீர். ஊரார் பயந்து ஓடுகிற அவசரத்தில் சொல்கிறார்கள். நீர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறவர்.

இன்னொன்று. 'சினத்தால் மூக்கை விடைத்து, கொலைவெறியோடு என்னை முறைத்தது' என்று ஒரு வாக்கியம். அது மூக்கை உயர்த்தியது மோப்பம் பிடிப்பதற்கு. காற்று உம்மிடமிருந்து அதன் பக்கம் வீசிற்றா, அதனிடமிருந்து உம் பக்கம் வீசிற்றா என்று கட்டுரை முழுவதும் தேடினேன், காற்றே இல்லை. உம்முடைய இருதயத் துடிப்புக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

1967இல் நான் மசினகுடியில் வாத்தியாராக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போகிற இருளர் கிழவர் ஒருவர், சும்மா நடக்கும்போதுகூடப் பீடிப்புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் பேசுவார். ஒருநாள் மூங்கில் புதர் ஒன்றைச் சுற்றித் திரும்பினோம். 20 மாடுகளுக்குக் குறையாத மந்தை. மூக்கால் சீழ்க்கை அடித்ததுபோல ஒரு சீறல். மற்றவையெல்லாம் மறைந்துவிட, பெரிய காளை மட்டும் பாதையின் குறுக்கே பக்கவாட்டில் திரும்பி, தன் உடம்பு முழுதும் எங்கள் கண்ணில் படும்படி நின்றது. எனக்கு வேட்டி நனைந்துவிட்டது, கிழவரோ, "தன்னைக் காட்டுது, சாமி. பார்த்துட்டுப் போவோம்" என்றார். பார்த்துவிட்டுப் போனோம். மறுவருஷம் முதுமலையிலும் பந்திப்பூரிலும் வெக்கை நோய் வந்து காட்டுமாடுகள் குவியல் குவியலாகச் செத்தன; நாற்றம் தாளாமல் கிழவர் அந்தத் தடத்தையே விட்டுவிட்டார்; அப்புறம் வெகுகாலம் மந்தை என்று ஒன்றை நான் காணவில்லை. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 2011இல் பத்திரிகையில் வாசித்த அன்று, பாதையின் குறுக்கே நின்ற அந்தக் காளைதான் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் காட்டையும் மிருகங்களையும் பற்றி எழுதிவந்தாரே, அவரை நீர் வாசித்திருக்கிறீர் என்று நினைக்கிறேன். அவர் கட்டுரைகளில் மிருகம் நடுவிலும், அவர் ஓரத்திலும் நிற்பார். உமக்கோ நடுவில் நிற்கத்தான் ஆசை. வயசு அப்படி, உம் வயசில் நானும் கிழவரின் பெயரால் கிடைத்த தைரியத்தை என் தைரியமென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

இவ்வளவு ஏசியும் மாசிகையை நான் பழைய பேப்பர்காரனிடம் போடாமல் அலமாரியில் வைத்திருப்பதற்குக் காரணம் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. காளை போன பிறகு, தேயிலைச் செடிகளுக்கிடையே அது இட்டுப்போன சாணத்திலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்ததைச் சொல்லி, அதன்மேல் கையை நீட்டிக் குளிர்காய்ந்ததாக எழுதியிருக்கிறீர். 50 வருஷம் எழுதியும் எனக்கு அப்படியொரு வரி வாய்க்கவில்லை. வாசித்துவிட்டு அன்று ராத்திரி வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். புஸ்தகமாகப் போடும்போது 19 இடத்தையும் திருத்தி, கொலைவெறியை அடித்துவிட்டு, காற்றையும் சேர்த்துவிடும். சாணத்தில் மட்டும் கை வைக்காதீர்.