சிறு நிலையங்களில் இருப்புப்பாதையைக் கடத்தல்

அரக்கோணம் வழியே வாலாஜா ரோடு செல்லும் பாதை, 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து திறக்கப்பெற்ற தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதையைச் சேர்ந்ததாகும். இத்தகைய பாதைகளின் சிறு நிலையங்களில், ஊர் ஒரு புறமும் வண்டி நிற்கும் நடைமேடை மறுபுறமும் அமைவதுண்டு. காய்கறிக் கூடையுடன் வரும் உழவர் நடைபாலத்தின் படிகளைக் கண்டு மலைத்து, தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறார். அவரைச் சோம்பேறி என்று கூற நமக்கு மனம் வரவில்லை. தலைச்சுமையோடு படியேறும் வருத்தத்தை ஏறியவரே அறிவர்.

எனினும் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. சுமையுடன் இரு பாதைகளைக் கடக்கப் பத்து நொடி ஆகுமெனில், அதற்குள் வண்டி 300 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் கண்டவுடனே நிறுத்த முயன்றாலும் அவ்வளவு தொலைவிற்குள் அது நிற்காது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டியிலிருந்து இறங்கி, அதன் பின்புறமாகச் சுற்றிக் கடப்பவருக்கு அடுத்த பாதையில் வரும் வண்டி தெரியாது. நிற்கும் வண்டியின் இரைச்சலில் அதன் ஒலியும் கேளாது. மின்சார வண்டி, பழைய புகைவண்டியைப் போலத் தொலைவிலேயே தன் வரவை அறிவிப்பதுமில்லை. இவ்வாறு கடத்தல் 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

ஊராட்சி உறுப்பினர்கள், படிகளோடு சாய்தளமும், நீர் தேங்காத சுரங்கப்பாதையும் கோரிக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, கோட்ட இரயில்வே மேலாளருக்கு அனுப்பலாம். எந்நேரத்தில் எத்தனை பேர் கடக்கின்றனர் என்ற கணக்கை, சந்தை நாளைத் தனியே காட்டி, அத்துடன் இணைத்தல் வேண்டும். இளைஞர் இருவர் ஒரு வாரம் நின்று எண்ணினால் போதும். "மக்கள் அவதியுறுகின்றனர்" என்று மட்டும் எழுதப்பெற்ற மனுக்கள் கோப்பிலேயே உறங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.